எட்டால் வகுக்காத கணக்கு

காபி நன்றாக இருந்தது. சர்க்கரை மட்டும் சுமார். தப்பாக நினைக்காதீர்கள், எனக்கும் 'சுமார்' என்ற வார்த்தைக்கும் கொஞ்ச நாளாக ஆகாது.

எங்கள் ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் பிரிவுத் தலைவருக்கு 'சுமார் சார்' என்றுதான் பெயர். எதைக் கேட்டாலும் "சுமாரா சொல்லுப்பா, போதும்" என்பார். என் அக்காவின் கணவரும் அவர்தான். ஆபீசில் சார், வீட்டில் அத்தான். இரண்டு பக்கமும் கதவு சாத்தியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டிஸ்க் விற்பவர்கள் வேகத்தை பைட்டில் சொல்வார்கள். நெட்வொர்க் ஆட்கள் பிட்டில் சொல்வார்கள். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஒருவர் எட்டு பேர் ஏறும் வேனை எண்ணுகிறார், இன்னொருவர் உள்ளே இருக்கும் தலைகளை எண்ணுகிறார், அவ்வளவுதான். நூறு மெகாபிட் லைனில் நொடிக்குப் பன்னிரண்டரை மெகாபைட்தான் போகும். ஆனால் அத்தானுக்குத் தெரிந்த ஒரே பிட், பரீட்சையில் அடிக்கும் பிட்.

போன வருஷம் ஒரு கூட்டத்தில் இதை நான் திருத்தினேன். அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு அக்கா வீட்டில் இருந்தேன். "உன் தம்பி பிட்டா பைட்டான்னு எல்லார் முன்னாடியும் என்கிட்ட சண்டைக்கு வர்றான். பொண்ணு பார்க்கப் போனாலும் இவன் அளவெடுத்துட்டுதான் வருவான்" என்றார் அத்தான். அவர் சிரித்தது பரவாயில்லை. அக்காவும் சிரித்தாள். பருப்பு புரையேறுகிற அளவுக்குச் சிரித்தாள்.

பழைய கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள். அங்கே ஒரு டிஸ்க் பெட்டியில் பதினைந்து வருஷத்து ஸ்கேன் படங்கள், நான்கு டெராபைட், அதாவது நாற்பது லட்சம் மெகாபைட். அதைப் புதுக் கட்டடத்துக்கு மாற்றும் திட்டத்தை அத்தான் எழுதினார். லைன் வேகம் நூறு என்று எங்கோ பார்த்திருக்கிறார். அதை மெகாபைட் என்று எடுத்துக்கொண்டு, பதினோரு மணி நேரம் என்று போட்டார். வெள்ளி மாலை ஐந்துக்கு ஆரம்பம், சனி மதியம் பன்னிரண்டுக்குக் கரண்ட் இணைப்பைத் துண்டிப்பது. எட்டால் வகுத்திருந்தால் கிட்டத்தட்ட நான்கு நாள் ஆகும் என்று தெரிந்திருக்கும்.

திட்டத்தின் கீழே 'சரிபார்த்தவர்' என்று ஓர் இடம் உண்டு. சரிபார்த்தேன். தப்பு என்று தெரிந்தது. கையெழுத்துப் போட்டேன்.

சனிக்கிழமை அத்தான் லீவு. பதினொன்றே முக்காலுக்கு எலக்ட்ரீஷியன் போன் பண்ணினார்.

"சார், முடிஞ்சுதா? இழுத்துடலாமா?"

"பிளான்ல என்ன போட்டிருக்கு?"

"பன்னெண்டுன்னு போட்டிருக்கு."

"அப்ப பிளான்படி பண்ணுங்க."

அப்போது திரையில் இருபத்தொரு சதவீதம் முடிந்திருந்தது. அந்த டிஸ்க் நின்றால் மறுபடி சுற்றாது என்பது எங்கள் பிரிவில் எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் இத்தனை வருஷமாக யாரும் அதை அணைத்ததில்லை. நின்றது. சுற்றவில்லை. வியாழக்கிழமை விசாரணைக் கூட்டம் என்று நிர்வாகத்திலிருந்து ஓலை வந்தது. அத்தான் முகத்தைப் பார்க்க வேண்டுமே, சுமாராக இருந்தது.

பழைய ஸ்கேன் படம் கேட்டு வருகிறவர்களுக்கு எடுத்துக் கொடுப்பதும் என் வேலைதான். திங்கட்கிழமை காலையில் என் கவுண்டருக்கு ஓர் அம்மா வந்தார். கணவர் பஸ் டிரைவர்; நுரையீரலில் ஒரு புள்ளி, புதன்கிழமை ஆபரேஷன்.

"ஆறு வருஷத்துக்கு முன்னாடி இங்கதான் ஸ்கேன் எடுத்தோம் தம்பி. அந்தப் புள்ளி அப்பவே இருந்துச்சு, ஒண்ணும் இல்லைன்னு சொன்னாங்க. இத்தனை வருஷத்துல அது வளரலைன்னு படத்துல தெரிஞ்சா அறுக்கவே வேணாம்னு டாக்டர் சொல்றாரு."

"அழிஞ்சு போச்சுங்க."

"வேற எங்கயாவது ஒரு காப்பி இருக்குமா?"

"இல்லக்கா."

அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். மரியாதையானவர்.

புதன்கிழமை ஆபரேஷன் நடந்தது. ரத்தப்போக்கு நிற்கவில்லை. சாயங்காலம் டிரைவர் இறந்துவிட்டார். வெட்டி எடுத்ததைப் பரிசோதித்தார்கள். என்றைக்கோ ஆறிப்போன புண்ணின் தழும்பு.

வியாழக்கிழமை நான் எழுந்து, போர்டில் கணக்கைப் போட்டுக் காட்டினேன். நூறு வகுத்தல் எட்டு. பிறகு என் பையிலிருந்து ஒரு டிஸ்க்கை எடுத்து மேஜைமேல் வைத்தேன். மொத்தப் படமும் அதில் இருந்தது. முந்தின வாரம் முழுக்க, பழைய பெட்டியில் நேராகச் செருகி, நான் எடுத்து வைத்த நகல். ஒரு படம்கூட விட்டுப்போகவில்லை. நிர்வாகி கை தட்டினார். அத்தான் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார்.

அப்போது ஸ்கேன் பிரிவுப் பெண் ஒருத்தி மட்டும் கை தட்டாமல் கேட்டாள்: "இது எப்பலேர்ந்து உங்ககிட்ட இருக்கு?"

"போன வெள்ளி மதியம் ரெண்டு பதினேழுலேர்ந்து" என்றேன். சுமாராகச் சொல்லிப் பழக்கமில்லை. அதனால்தான் இப்போது ஸ்டேஷனில் உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்.

அந்த அம்மா கேட்டபோது டிஸ்க் என் இழுப்பறையில்தான் இருந்தது, என் முழங்காலுக்கு ஒரு சாண் தூரத்தில். அதில் அவர் கணவர் படத்தைத் தேடி எடுக்க ஐந்து நிமிஷம் போதும். ஆனால் திங்கட்கிழமையே கொடுத்திருந்தால், எதுவும் தொலையவில்லை என்று வியாழக்கிழமைக் கூட்டத்தை ரத்து செய்திருப்பார்கள். அத்தான் அதையும் ஒரு ஜோக்காக்கி, அக்காவிடம் சொல்லியிருப்பார்.

தெரிந்தேதான் மறைத்தேன். அந்த மனிதர் செத்தது என்னால்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கணக்கைத் தப்பாகப் போட்டது அத்தான் என்பதை மட்டும் அதற்கு முந்தின வரியில் எழுதிவிடுங்கள்.