நாலு மணிக்கு மூடினது யாரு?

கிட்ட வாங்க, கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உக்காருங்க. ஒரு மாமியாரும் மருமகளும் ஒரு போனை நடுவுல வெச்சுக்கிட்டு பேசினதைச் சொல்றேன். சண்டை வரும்னு காத்திருக்காதீங்க, ஏமாந்து போவீங்க.

மருமகள்: ...அத்தை, கடைசியா கேக்கறேன். உங்க போன்ல நான் செஞ்சு போட்ட ஆப்பை தினமும் நாலு மணிக்கு மூடினீங்களா, இல்லையா?

மாமியார்: நான் எதுக்கும்மா மூடப்போறேன்? அது பாட்டுக்கு இருந்துச்சு, நான் பாட்டுக்கு இருந்தேன்.

மருமகள்: என் முகத்தைப் பாத்துச் சொல்லுங்க.

மாமியார்: வெங்காயம் உரிக்கறவ எப்படி நிமிந்து பாப்பா? கண்ணு எரியுது.

மருமகள்: அது பூண்டு, அத்தை.

மாமியார்: ...பூண்டும் எரியும். சமையல்கட்டுப் பக்கம் எட்டிப் பாத்தாத்தானே உனக்குத் தெரியும்!

மருமகள்: பேச்சை மாத்தாதீங்க. ஆறு மணிக்குள்ள, வீட்டுக்கே நர்ஸ் அனுப்பற ஆஸ்பத்திரியோட தலைமை நர்ஸம்மாவுக்கு அறிக்கை அனுப்பணும். இந்த ஒரு வாரமா நீங்க என் ஆப்பை வெச்சுச் சோதிச்சதுதான் அதுல இருக்கு. அவங்க சரின்னா இந்த வேலை எனக்கு. இல்லன்னா பழைய கம்பெனிக்கே போய்க் கையைக் கட்டிக்கிட்டு நிக்கணும்.

மாமியார்: அந்தச் சிடுமூஞ்சி மேனேஜர்கிட்டயா? வேண்டவே வேண்டாம். நல்லா ஓடுச்சுன்னு எழுது. நான் கையெழுத்துப் போடறேன்.

மருமகள்: கையெழுத்து யாருக்கு வேணும்? உண்மை வேணும். வீடு வீடா போற நர்சுங்க போனைப் பைக்குள்ள போட்டுட்டு ஊசி போடப் போயிடுவாங்க. திரை அணைஞ்சிருக்கும். அப்பவும் என் ஆப் பின்னாடி ஓடிக்கிட்டே, கால் மணிக்கு ஒரு தடவை அவங்க இருக்கற இடத்தைக் குறிச்சு அனுப்பணும். அவசரம்னு கூப்பிட்டா, பக்கத்துல இருக்கறவங்களை அனுப்பலாம் இல்லையா?

மாமியார்: நாம தூங்கும்போது ஃப்ரிட்ஜ் ஓடற மாதிரி.

மருமகள்: அதேதான்! ஆனா போன் இருக்கே, மகா கஞ்சம். சார்ஜ் குறையுதேன்னு, பின்னாடி ஓடறதை எல்லாம் கழுத்தைப் பிடிச்சு வெளியே தள்ளும். அது போதாதுன்னு சில பேர் ஆப்பை மூடறேன்னு விரலால ஒரே தள்ளு...

மாமியார்: யாரைச் சொல்றே?

மருமகள்: பொதுவா சொன்னேன்.

மாமியார்: ...அப்படி ஒருத்தர் தள்ளினா என்ன ஆகும்? சும்மா, பொது அறிவுக்குக் கேக்கறேன்.

மருமகள்: சொல்ல மாட்டேன். எனக்கு எந்தப் பதில் வேணும்னு தெரிஞ்சா அதையே சொல்லிடுவீங்க. பாசக்காரங்களைச் சோதனைக்கு வெச்சது என் தப்பு.

மாமியார்: பாசமா? உன் மேலயா? யாரு கிளப்பிவிட்டா?

மருமகள்: ஊரே பேசிக்குது. மணி அஞ்சே முக்கால், அத்தை. மூடலைன்னே எழுதிடவா?

மாமியார்: எழுது... இரு, இரு. பொய்யா எழுதினா என்ன ஆகும்?

மருமகள்: ஒண்ணும் ஆகாது. என்னைக்காவது ஒரு நோயாளி காத்துக்கிட்டே இருப்பாங்க, நர்ஸ் எங்கேன்னு யாருக்கும் தெரியாது. அவ்வளவுதான்.

மாமியார்: அடிப்பாவி, இப்படியா பயமுறுத்துவே! ...மூடினேன். போதுமா? ஏழு நாளும். நாலு மணிக்கு ஒரு தள்ளு, அஞ்சுக்கு மறுபடி திறந்து வெச்சிடுவேன்.

மருமகள்: ஏன்?

மாமியார்: நான் எங்க போறேன்னு அது உன்கிட்ட போட்டுக் கொடுத்துடுமே!

மருமகள்: எங்க போனீங்க?

மாமியார்: சிரிக்கக் கூடாது. உன் புருஷன்கிட்ட மூச்சு விடக் கூடாது.

மருமகள்: விட மாட்டேன்.

மாமியார்: நீச்சல்... கத்துக்கறேன்.

மருமகள்: நீச்ச... க்ஹும்!

மாமியார்: பாத்தியா, சிரிக்கறே!

மருமகள்: இல்ல அத்தை, இருமல்.

மாமியார்: நல்லா இருமு. அறுபத்தோரு வயசு வரைக்கும் கரையில உக்காந்து உங்க செருப்புக்கும் கைக்கடிகாரத்துக்கும் காவல் காத்தாச்சு. அடுத்த தடவை கடலுக்குப் போறப்ப, "அம்மா, இதைக் கொஞ்சம் பிடி"ன்னு உன் புருஷன் நீட்டுவான் பாரு... "நீயே பிடிடா"ன்னு சொல்லிட்டு தொபுக்கடீர்னு இறங்கிடணும்னு இருந்தேன். அதுவரைக்கும் யாருக்கும் தெரியக் கூடாதுன்னுதான்... இப்ப உன் பிழைப்புலயே மண்ணைப் போட்டுட்டேனே, கண்ணு. அந்த நர்ஸம்மா நம்பரைக் கொடு. பொண்ணு மேல தப்பு இல்ல, மாமியாருக்குத்தான் விரல் சும்மா இருக்காதுன்னு நானே சொல்றேன்.

மருமகள்: இருங்க, எழுதிக்கறேன். "ஏழு நாள்... ஏழு தடவை... மூடினார்." அனுப்பியாச்சு!

மாமியார்: ஐயோ, அனுப்பிட்டியா? அப்புறம் ஏண்டி குதிக்கறே? பூண்டு சிதறுது பாரு!

மருமகள்: நீங்க தள்ளினது திரையில தெரியற முகத்தை மட்டும்தான், அத்தை. பின்னாடி என் வேலை ஏழு நாளும் ஒரு கால் மணிகூடத் தவறாம ஓடியிருக்கு! மூடின பிறகும் ஓடுதான்னு பாக்கத்தான் இவ்வளவு பாடு. நீங்க மூடலைன்னு சாதிக்கச் சாதிக்க எனக்கு உசிரே போச்சு.

மாமியார்: அப்போ வேலை...

மருமகள்: இதோ, நர்ஸம்மா பதிலே போட்டுட்டாங்க. திங்கக்கிழமை வரச் சொல்றாங்க!

மாமியார்: அப்பாடி! என் ராசாத்தி... இரு. ஏழு நாளும் ஓடுச்சுன்னா... நான் எங்க இருந்தேன்னு உனக்கு...

மருமகள்: ரெண்டாம் நாளே தெரியும். நாலு மணிக்கு நீச்சல்குளத்துலன்னு காட்டுச்சு, ஒளிச்சுப் போறவங்க ஆப்பை மூடாமலா போவாங்கன்னுதான் கேட்டேன். நேத்து நீங்க இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் நிக்காம நீந்தினீங்களே, அப்ப வேலிக்கு வெளியில இருந்து ஒரு விசில் வந்துச்சே... கண்ணாடி போடாததால ஆள் தெரியாம, "எந்தப் பொறுக்கிடா அது?"ன்னு கத்தினீங்களே... அந்தப் பொறுக்கி நான்தான், அத்தை.

இதைக் கேட்ட உங்க வீட்டுல யாரும் கரையிலேயே உக்காந்துடாம இருக்கட்டும், கண்ணுகளா. எல்லாரும் நனைஞ்சு, சிரிச்சு, நல்லா இருங்க.