தூங்குகிறது, தூங்குகிறார்

நீங்கள் கொடுத்த பேனா நன்றாக எழுதுகிறது. எங்கள் அலுவலகப் பேனாக்கள் இரண்டு வரிக்கு ஒருமுறை மூச்சு வாங்கும். உதறி உதறித்தான் எழுத வேண்டும். இன்னொன்று சொல்கிறேன், குறையாக நினைக்காதீர்கள். இந்தத் தாளின் தலைப்பில் ‘ஒப்புதல் வாக்கு மூலம்’ என்று அச்சிட்டிருக்கிறீர்கள். நடுவில் இடைவெளி வரக்கூடாது. இடைவெளி விட்டால் ‘வாக்கின் வழியாக’ என்று பொருள் மாறிவிடும். புது அரசாங்கம், அவசரத்தில் அடித்திருப்பீர்கள். அடுத்த முறை திருத்திக்கொள்ளலாம்.

என் அக்காவின் கணவர் எழுதிய கவிதையைப் பற்றியும் அதனால் அவருக்கு நேர்ந்ததைப் பற்றியும் எழுதச் சொன்னீர்கள். மறைக்க என்னிடம் எதுவும் இல்லை. நான் ஒரு கவிதையைப் படித்தேன். படித்ததை விளக்கினேன்.

எங்கள் வாசிப்புப் பிரிவு மூன்றாம் மாடியில் இருந்தது. கிழக்குப் பக்கம் நான்கு ஜன்னல்கள். அச்சுக்குப் போகும் எதுவும் முதலில் எங்களிடம் வரும். ஒவ்வொன்றையும் இரண்டு பேர் தனித்தனியே படிப்போம். மற்றவர் யார் என்று சொல்லமாட்டார்கள். படிவத்தில் மூன்று கட்டங்கள்: பொருள், உட்பொருள், பரிந்துரை. என்னோடு வேலை பார்த்தவர்கள் ‘உட்பொருள்: இல்லை’ என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். எனக்கு அது முடியாது. ஒரு சோப்பு உறையில் ‘எந்தக் கறையும் போகும்’ என்றிருந்தது. அதற்கு நான் இரண்டு பக்கம் எழுதினேன்.

“ஏம்ப்பா, பாவம், சோப்பு விக்க விடுப்பா” என்று பிரிவுத் தலைவர் சிரித்தார். ஆனாலும் அந்த உறை அச்சாகவில்லை.

ஒருவர் ‘இல்லை’ என்று எழுதியதில் மற்றவர் ஏதாவது கண்டுபிடித்தால், இல்லை என்றவரை மேல்மாடிக்குக் கூப்பிடுவார்கள். அதனால் பரீட்சை எழுதும் பிள்ளைகள்போல எல்லோரும் படிவத்தைக் கையால் மறைத்துக்கொண்டுதான் எழுதுவோம். தண்ணீர் குடிக்க எழுந்தாலும் இழுப்பறையைப் பூட்டிவிட்டுத்தான் எழுவோம். நான்கு பேர் சேர்ந்து நின்றால் ஐந்தாமவர் தன்னைப் பற்றித்தான் பேச்சு என்று நினைப்பார். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும்.

மாமா நீரேற்று நிலையத்தில் மோட்டார் பார்ப்பவர். நாளெல்லாம் மோட்டார் சத்தத்தில் இருந்ததால் வீட்டிலும் கத்தித்தான் பேசுவார். அப்பா அம்மா போன பிறகு நான் அக்கா வீட்டில், பின்னறையில் இருந்தேன். ஒரு கட்டில், ஒரு இரும்புப் பெட்டி. பெட்டி நிறைய மொழிபெயர்ப்பு நாவல்கள். நான் பனி பெய்து பார்த்ததில்லை. ஆனால் பனியில் நடந்தால் காலடியில் என்ன சத்தம் வரும் என்று எனக்குத் தெரியும்.

“மாப்ளே, உங்க ஆபீஸ் உள்ள எப்படிடா இருக்கும்? வெளியிலேர்ந்து பாத்தாலே வயித்தக் கலக்குதே” என்று மாமா ஒருமுறை கேட்டார்.

“அதெல்லாம் ஒண்ணுமில்ல மாமா. நல்ல காத்தோட்டமா இருக்கும்.”

“காத்தோட்டமா!” அக்காவைப் பார்த்துச் சொன்னார்: “கேட்டியா, நல்ல காத்தோட்டமாம்.” அன்று முழுவதும் அதையே சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அதற்கு ஒரு மாதம் கழித்து, ஒரு ஞாயிறு மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு, அந்தக் கவிதையைக் கட்டம் போட்ட நோட்டிலிருந்து உரக்கப் படித்துக் காட்டினார். அது நன்றாக இருந்தது. அதை நான் எங்கும் மறுத்ததில்லை. படிக்கும்போது ஓரிடத்தில் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எந்த இடம் என்று இப்போது நினைவில்லை.

“எங்க வாரியத்து ஆண்டு மலர்ல போடலாம்னு இருக்கேன். நீயே டைப் பண்ணிக் குடு மாப்ளே. உன் கண்ணுல தப்பு தப்பாது” என்றார்.

நானே தட்டச்சு செய்து கொடுத்தேன். உங்கள் கோப்பில் இருக்கும் பிரதி இதுதான்:

*நீர் அசையவில்லை.*
*முதலை கிடக்கிறது.*
*ஆறு அதனிடம் வழி கேட்டுப் போகிறது.*
*கரையில் தாகங்கள் வரிசையில் நிற்கின்றன.*
*கண்ணைத் திறந்தே தூங்குகிறார்.*
*இன்று யாருடைய முறை என்று*
*மான்கள் மான்களைப் பார்க்கின்றன.*

ஒரு வாரத்தில் இது என் மேசைக்கு வந்தது. உறவினர் எழுத்தை வாசகர் படிக்கக்கூடாது என்று விதி உண்டு. ஆனால் எழுதியவர் பெயரை மூடி, எண் மட்டும் போட்டுத்தான் தருவார்கள். எனவே விதிப்படி இது யார் எழுதியது என்று எனக்குத் தெரியாது.

ஐந்தாம் வரியைப் பாருங்கள். முதலை அஃறிணை. கிடக்கிறது என்று தொடங்கியது, தூங்குகிறது என்றுதான் போகவேண்டும். தூங்குகிறார் என்று நிற்கிறது. யார் தூங்குகிறார்? கவிதை சொல்லவில்லை. சொல்லவும் வேண்டாம். அந்தக் காலத்தில் ‘நாளைக்கு வர்றாராம்’ என்று யாராவது சொன்னால் யார் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். எங்கள் அலுவலகச் சுவரில் தொங்கிய படத்தில் அவருடைய கண்கள் பாதி மூடியிருக்கும். விழித்திருக்கிறாரா தூங்குகிறாரா என்று தெரியாது. நம் மொழியில் எழுவாய் இல்லாமலே வாக்கியம் நிற்கும். பயத்துக்கு அது ரொம்ப வசதி.

இரண்டாவது வாசகர், நாங்கள் கமா மேடம் என்று கூப்பிடும் அம்மாள். ஒரு கமாவுக்காக அரைநாள் சண்டை போடுவார். அவர் படிவத்தில் ஒரே வரி எழுதியிருந்தது எனக்குப் பிற்பாடு தெரிந்தது: ‘திணை வழு, அச்சுப் பிழை, தூங்குகிறது எனத் திருத்துக. உட்பொருள்: இல்லை.’ பிறகு, யாரும் செய்யாததைச் செய்தார். என் மேசைக்கு வந்தார்.

“உன் முகத்தப் பாத்தாலே தெரியுது, இது உன்கிட்டயும் வந்திருக்கு. தம்பி, அது வெறும் டைப்பிங் மிஸ்டேக்ப்பா. எவனோ ஒரு புள்ளகுட்டிக்காரன். பொழச்சுப் போகட்டும் விடு.”

“அப்ப ஏன் மேடம் மத்த இடத்துல எல்லாம் சரியா இருக்கு?”

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “உனக்கு எப்படி இவ்வளவு நிச்சயமாத் தெரியுது?”

“படிச்சாத் தெரியும் மேடம்.”

அவர் திரும்பிப் போய், உட்காரும் முன்பே இழுப்பறையைப் பூட்டினார். பூட்டு விழும் சத்தம் எனக்குக் கேட்டது. என்னிடம் வந்து பேசியதை நான் தனித் தாளில் எழுதித் தெரிவித்தேன்; அது வழக்கமான நடைமுறை. அடுத்த வாரம் அந்த மேசையில் வேறொருவர் இருந்தார். மேடம் எங்கே போனார் என்று எனக்குச் சொல்லப்படவில்லை.

“முடிவா என்னப்பா? பிழையா, வேணும்னே பண்ணினதா?” என்று தலைவர் கேட்டார். அதற்குப் பதிலாகத்தான் உட்பொருள் கட்டத்தோடு பதினொரு பக்கக் கட்டுரை ஒன்றை இணைத்தேன். தெரியாமல் திணை மாறினால் வழு. கோபத்தாலோ மகிழ்ச்சியாலோ தெரிந்தே மாற்றினால் வழுவமைதி. இலக்கணம் அதை அனுமதிக்கிறது. இங்கே அடங்கிய கோபம் இருக்கிறது; ஆகவே இது பிழையே அல்ல, இந்தக் கவிதையின் உயிரே இந்த விகுதிதான் என்று நிறுவினேன். வேட்டையாடும் மிருகத்துக்கு ஆத்திரம் கிடையாது, காத்திருத்தல் மட்டுமே உண்டு. கொடுங்கோல் என்பது பல்லில் இல்லை, மான்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதில் இருக்கிறது என்று எழுதினேன். அந்த வரியை மேல்மாடியில் அடிக்கோடிட்டார்கள். நான் எழுதியவற்றிலேயே நல்ல கட்டுரை அது. இன்றைக்கும் அதில் ஒரு சொல்லை மாற்றமாட்டேன்.

மாமாவை வேலையிடத்திலிருந்தே காலையில் கூட்டிப்போனார்கள். மோட்டாரை நிறுத்த ஆளில்லை. மத்தியானம்வரை தொட்டி நிரம்பி வழிந்து தெருவெல்லாம் தண்ணீர். அவர் விசாரணையில் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னாராம்: “நான் ‘து’ன்னுதாங்க எழுதினேன். நோட்டப் பாருங்க.” நோட்டைக் கேட்டு வீட்டுக்கு ஆள் வந்தது. அக்கா அலமாரி, பரண், அரிசிப் பானை என்று ஒரு இடம் விடாமல் தேடினாள். நானும் கூடவே தேடினேன். கட்டிலை நகர்த்தியது நான்தான்.

பதினேழாம் நாள் ஒரு துணிப்பை வந்தது. கண்ணாடி, பெல்ட், ஒரு செருப்பு. இன்னொரு செருப்பு எங்கே என்று நான் விசாரித்தேன். கிடைக்கவில்லை.

“என் தம்பி ஆபீஸ்ல யார் யார் காலையோ புடிச்சுப் பாத்தான்” என்று அக்கா பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருப்பாள். நான் மறுக்கவில்லை. துக்கத்தில் இருப்பவர்களைத் திருத்தக்கூடாது. இரண்டு வருடம் அவள் கையால்தான் சாப்பிட்டேன். அதற்குள் பிரிவுத் தலைவராகவும் ஆகிவிட்டேன்.

பிறகு காலம் மாறியது. சுவரிலிருந்து படம் இறங்கியது. போன வாரம் அக்கா எனக்குப் போர்வை தேடி என் இரும்புப் பெட்டியைத் திறந்திருக்கிறாள். நாவல்களுக்கு அடியில் அந்த நோட்டு இருந்தது. அதை எரித்திருக்கலாமே என்று நீங்கள் கேட்டீர்கள். நல்ல கவிதையை எரிக்க எனக்கு மனம் வராது.

அன்று மாலை நான் அலுவலகத்திலிருந்து வந்தபோது தட்டில் சோறு போட்டு வைத்திருந்தாள். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்தாள். கை கழுவி வந்து உட்கார்ந்ததும் நோட்டை என் முன்னால் விரித்து, ஒரு எழுத்தின் மேல் விரலை வைத்தாள். அவள் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவள்.

“இதுல ‘து’ன்னுதான்டா இருக்கு.”

அவ்வளவுதான் சொன்னாள். நான் வழுவமைதியை விளக்கத் தொடங்கினேன். அவள் நோட்டை எடுத்துக்கொண்டு, செருப்புகூடப் போடாமல், உங்களிடம் வந்துவிட்டாள்.

ஆம். மாற்றியது நான்தான். தட்டச்சு செய்யும்போது அந்த இடத்தில் ஒரு திருப்பம் வேண்டும் என்று பட்டது. ‘து’வை எடுத்துவிட்டு ஒரு துணைக்கால், புள்ளி வைத்த ஒரு ‘ர’. மாமாவின் கவிதை சுமாராகத் தூங்கிக்கொண்டிருந்தது, நான் எழுப்பினேன். எந்தப் பதிப்பாசிரியரும் செய்வதுதான். பிறகு அது என் மேசைக்கு வந்தபோது, எதிரில் இருந்த பிரதியை அப்படியே படித்து, நேர்மையாக விளக்கினேன். அதனால் என்ன நடக்கும் என்று தெரியுமா என்றால், தெரியும். மாமா மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. இதை எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதித் தருகிறேன்.

கடைசியாக, நோட்டில் இருக்கும் மூன்று வரிகள் என் பிரதியில் ஏன் இல்லை என்று ஓரத்தில் குறித்திருக்கிறீர்கள். மான்களுக்கு முன்னால் வரும் வரிகள்:

*திறந்த வாய்க்குள் ஒரு குருவி*
*பல்லிடுக்கில் கொத்தித் தின்கிறது.*
*உள்ளே நல்ல காற்றோட்டம் என்கிறது.*

தாளில் இடம் போதவில்லை, அதனால் விட்டேன். அக்கா சிரித்தது இந்த இடத்தில்தான் என்று அவள் உங்களிடம் சொன்னாளாம். இருக்கலாம். நான் கவனிக்கவில்லை.

உங்கள் பிரிவுக்கும் படிக்கத் தெரிந்த ஆட்கள் தேவைப்படுவார்கள் என்று நினைக்கிறேன். இந்த அறையும் பரவாயில்லை, ஜன்னல் பெரியது. குருவி யாரைக் குறிக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். இருபது வருடம் கவிதை படித்தவன் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்: உட்பொருள் இல்லை. அது வெறும் குருவி.