வெள்ளைக் கோபுரத்தை நேர் பிடித்து

"படுங்கோ! எல்லாரும் படுங்கோ!"

வள்ளத்தின் அடித்தட்டில் கவிழ்ந்து படுக்கிறேன். எனக்குக் கீழே மகள் நிலா. நான்கு வயது. முதலில் ஷெல் குண்டின் விசில். பிறகு ஒரு மூச்சு அமைதி. பிறகுதான் வெடி. தண்ணீர் எங்கள்மேல் கொட்டுகிறது. உப்புக் கரிக்கவில்லை. இன்னும் ஆற்றுக்குள்தான் இருக்கிறோம். கடலுக்குள் போய்விட்டால் நிலா பிழைத்துவிடுவாள்.

எங்கள் ஊர் ஆறு மேற்கேயிருந்து வரும். கடலைக் கண்டதும் வடக்கே திரும்பும். மணல்மேட்டை உரசிக்கொண்டு போய்த்தான் கடலில் விழும். ஒரு காலத்தில் வெளியே கப்பல்கள் நிற்குமாம். வள்ளங்கள் சரக்கு ஏற்றிப் போகுமாம். மிஞ்சியது இடிந்த சுங்கக் கட்டடம் ஒன்றுதான். துறைமுகம் என்று பேர் மட்டும் பெரிது. வள்ளம் ஓட்டுகிறவர் கடலைப் பார்க்க மாட்டார். திரும்பி ஊரைப் பார்ப்பார். சுங்கக் கட்டடத்துக்கு நேர் மேலே மாதா கோயிலின் வெள்ளைக் கோபுரம் தெரிந்தால் அடியில் ஆழம். கொஞ்சம் விலகினால் மணல்.

அன்று வெள்ளிக்கிழமை. விடிகிற நேரம். கோபுரம் முந்தின நாளே ஷெல்லில் விழுந்துவிட்டது. சுக்கான் பிடித்த அந்தோனி அண்ணனுக்கும் அது தெரியும். ஆனால் கண்ணுக்குப் பழக்கம். புகைக்குள் வெள்ளையாக ஒன்று தெரிந்ததும் அதை நேர் பிடித்துவிட்டார். அது பள்ளிக்கூடக் கம்பத்தில் நாங்கள் கட்டிய படுக்கை விரிப்பு. இங்கே சனம் இருக்கிறது, அடிக்காதேயுங்கோ என்று காட்டக் கட்டியது.

"அண்ணா! அது கோபுரமில்லை! திருப்புங்கோ!"

அடியில் சர்ரென்று ஓர் உரசல். மணல். இயந்திரம் உறுமி நின்றது. அடுத்த அலை வள்ளத்தைப் புரட்டியது. நிலாவை இறுகப் பிடித்திருந்தேன். பிடித்திருந்தேன் என்றுதான் என் கை இன்றுவரை சொல்கிறது.

அகதியாகக் கடல் கடந்து வந்து இப்போது ஓசூர். மத்திகிரியில் வாடகை வீடு. எந்தப் பக்கம் போனாலும் கடல் தொலைவு. கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் இடத்தில் ஒரு செல்போன் டவர். அதற்குப் பின்னால் வெள்ளைத் தண்ணீர்த் தொட்டி. கொஞ்சம் தள்ளி நின்றால் இரண்டும் ஒரே நேர்கோட்டில் வரும். தினமும் தள்ளி நிற்கிறேன். என்னோடு வேலை செய்யும் மஞ்சுளா கத்துகிறாள்.

"யக்கா, பஸ்ஸு வந்துடுச்சு! அங்க என்னா பாத்துக்கினு நிக்கற?"

ஆழம் பார்க்கிறேன் என்றால் சிரிப்பாள்.

கோபுரம் போனது. வள்ளம் போனது. பதினொரு பேர் ஏறினோம். இரண்டு பேர் கரை சேர்ந்தோம். மிச்சம் ஒன்பது. அண்ணனில் தொடங்கி ஒவ்வொரு பெயராகச் சொல்லி எண்ணுவேன். எட்டோடு நின்றுவிடும்.