டப்பாவில் ஊற்றிய கஞ்சி

சுகர் டெஸ்ட்டுக்கு வரிசை மெதுவாத்தான் போகுது. அது நகர்றதுக்குள்ள ஒரு சின்னக் கதை சொல்லிடறேனுங்க.

சென்னியப்பன்னு ஒருத்தர். உங்கள மாதிரி தறிப்பட்டறைதான், தறியில ஏத்துற பாவு நூலுக்குக் கஞ்சி போடுற வேலை. பத்து வருசமா சுகர். மாத்திரை? நெனப்பு வந்தாப் போடுவாரு. கல்யாணமாகி ஆறு வருசம்... குழந்தை இல்ல. சம்சாரம் வசந்தாமணிக்கு எடுக்காத ஸ்கேன் இல்ல, போடாத ஊசி இல்ல. இவருக்கு ஒரு டெஸ்ட்டாவது எடுத்தாங்களா? இல்ல. இவரு போகல.

ஏன் போகல? கூடும்போது எல்லாருக்கும் போலத்தான் சுகம் தெரியும்... ஆனா வெளிய ஒரு சொட்டு வராது. அத யார்கிட்டச் சொன்னாரு? பொண்டாட்டிகிட்டக்கூடச் சொல்லல.

சென்னியப்பனோட அம்மா சொல்லிட்டாங்க. "தையில வேற பொண்ணு பாத்துக்கலாம். இவள அவ அப்பன் ஊட்டுக்கு அனுப்பு."

வசந்தாமணி சண்டை போடல. "போறேனுங்க. அதுக்கு முந்தி நீங்களும் ஒருக்கா டெஸ்ட் எடுத்துக்கோங்க."

தப்பிக்க வழியில்ல, போனாரு. ரூமுக்குள்ள விட்டு, விந்து புடிச்சுக் குடுக்கச் சொல்லி டப்பாவக் குடுத்தாங்க. மனுசன் என்ன பண்ணுனாரு தெரியுமா? சின்ன பாட்டில்ல பட்டறைக் கஞ்சியக் கொண்டு போயிருக்காரு... அத ஊத்திக் குடுத்துட்டாரு.

லேப்ல பூங்கொடின்னு ஒரு பொண்ணு. டப்பாவத் தொறந்து பாத்துச்சு. "அண்ணா, எங்க ஊட்லயும் ரெண்டு தறி ஓடுதுங்க. இது பாவுக்குப் போடுறதுங்க."

டாக்டரம்மா திட்டல. விசாரிச்சாங்க, வெவரம் வெளிய வந்துச்சு. "சரி, மறுபடி உள்ள போங்க. முடிஞ்சதும் இந்த டப்பால ஒண்ணுக்குப் போய்க் கொண்டாங்க."

அந்த மூத்திரத்துல பாத்தா... உயிரணு அத்தனையும் அங்க இருக்கு.

எப்படி? விந்து வர்ற நேரத்துல மூத்திரப்பையோட வாய் இறுக்கி மூடிக்கணும். அப்பத்தான் விந்து முன்னால வரும். நாள்பட்ட சுகர் அந்த நரம்பக் கெடுத்துட்டா வாய் மூடாது, விந்து பின்னால பைக்குள்ள போயிடும். அடுத்த தடவை மூத்திரத்தோட வெளிய வந்துடும். உசுருக்கு ஆபத்தில்ல. ஆம்பளைத்தனம் எங்கயும் போயிடல. சில பேருக்கு மருந்து கேக்கும், இல்லைன்னா மூத்திரத்துலருந்தே உயிரணுவப் பிரிச்சு வைத்தியம் பண்ணலாம்.

சென்னியப்பன் வெளிய வந்தாரு. "கோளாறு எனக்குத்தான்"னாரு. வசந்தாமணி பெஞ்ச்சுல உக்காந்து அழுதுச்சு. ஆறு வருசத்துல அன்னிக்குத்தான் அழுதுச்சாம்.

கோளாறு எனக்குத்தான்... ரெண்டே வார்த்தை. உங்கள்ல எத்தன பேரு அத வாய்க்குள்ளயே வெச்சிருக்கீங்க? வரலையா, வலிக்குதா, ரத்தம் கலந்து வருதா... டாக்டர்கிட்டச் சொல்லுங்க. நீங்க வாயத் தொறக்காத ஒவ்வொரு நாளும் ஊசி உங்க சம்சாரத்துக்குத்தான் ஏறுது. மூணாம் நம்பர் ரூம்ல டாக்டர் தனியா உக்காந்திருக்காரு. யாராச்சும் பாட்டில் கொண்டு வந்திருந்தா... வெளிய கொட்டிட்டு, வெறுங்கையோட உள்ள போங்க.