கஜா போட்ட ஊசி

ஓடுகிறேன். ஏரிக்கரை மேல். முன்னால் என் மகள் தேவகி ஓடுகிறாள். கரைக்கு அந்தப் பக்கம் பைக் சத்தம். சைலன்சர் ஓட்டையான பைக். தடதட. தடதட. நடுவில் இரண்டு ஆரன். அது அவளுக்கு.

"வராத நைனா! கரை சரியுது, வுழுந்துடுவ!"

திரும்பிப் பார்க்காமலே கத்துகிறாள். எனக்காகப் பயப்படுகிறாள். ஆனாலும் நிற்கவில்லை.

பெரிய மழையில் எங்கள் ஏரி உடைந்து, அறுத்து வைத்த நெல்லெல்லாம் மிதந்ததே, அதற்கு அடுத்த தை மாதம் இது. உடைந்த இடத்தில் மணல் மூட்டை அடுக்கியிருந்தார்கள். அதன்மேல் கால் வைத்தேன். சரிந்தது. விழுந்தேன். பைக் கிளம்பிய சத்தம் கேட்டது. பிறகு தவளைச் சத்தம்தான்.

பைக்கில் இருந்தவன் கஜா. என் மருமகன். இப்போது மறுபடி பெண் தேடுகிறானாம், செய்யாறு பக்கத்தில். உத்திரமேரூர் சந்தையில் கேள்விப்பட்டேன். அதனால்தான் வாயைத் திறக்கிறேன். இன்னொரு வீட்டுப் பெண் போகக்கூடாது.

இதை நான் சண்டை என்றுதான் சொல்வேன். எதிரிக்கு மாலை போட்டு, ஆரத்தி எடுத்து, நாங்களே உள்ளே கூட்டி வந்த சண்டை.

எங்கள் பக்கத்தில் ஊசி என்றால் மருந்து. மாத்திரையை யாரும் மதிப்பதில்லை. டாக்டரிடம் போய் வந்தவரைக் கேட்கும் முதல் கேள்வி, ஊசி போட்டாரா என்பதுதான். போடாதவரிடம் மறுபடி போகமாட்டோம். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் எருமை படுத்துவிட்டது. மாட்டு டாக்டர் வந்தார். பார்த்தார். புண்ணாக்கை நிறுத்தச் சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறப்போனார். என் அப்பா கேரியரைப் பிடித்துக்கொண்டார். ஊசி போட்ட பிறகுதான் விட்டார். எருமை எழுந்தது. எதனால் எழுந்ததோ. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஊசிக்கு ஒரு மரியாதை.

அந்த மரியாதை வழியாகத்தான் கஜா நுழைந்தான்.

தேவகி செருப்புக் கம்பெனியில் வேலை பார்த்தாள். நாள் முழுக்க நின்றபடி வேலை. பெண்களை ஏற்றிப் போகும் வேனுக்கு கஜா டிரைவர். கல்யாணம் ஆனது. முதல் பிள்ளை வயிற்றிலேயே போனது. பிள்ளை இல்லை, பால் மட்டும் கட்டிக்கொண்டது. மார்பு கல்லாக வலித்தது. அந்த வலியோடு வேன் ஏறினாள். கம்பெனியில் அழ நேரமில்லை. வீட்டில் அழுதால் அவன் அடித்தான். இதெல்லாம் எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது.

வலிக்கு நானே ஊசி போட்டுப் பார்த்துக்கொள்கிறேன் என்று அவன் போனில் சொன்னான். என் வீட்டுக்காரி பச்சையம்மா பூரித்துப்போனாள்.

"பாருய்யா, மாப்ள தன் கையாலயே அவளுக்கு ஊசி போட்டுப் பாத்துக்கறாரு. நீ எனக்கு ஒரு தைலம் தேச்சி வுட்டிருக்கியா?"

தெரு முழுக்கச் சொன்னாள். தெருவும் மெச்சியது. அது டாக்டர் மருந்து இல்லை. கடைத்தெருவில் கைமாறும் போதை. அவன் முன்பே அதில் விழுந்தவன்.

கண் உள்ளே போய், கை கருத்து, வேலையும் போய் அவள் வந்து நின்றபோதுதான் விளங்கிற்று. ஏன்டி என்று கேட்டேன். கத்திரிச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள்.

"மொத தடவ வலிக்குத்தான் நைனா. அப்பறம் அதுக்கில்ல. ஊசி போடுற நேரம் மட்டும் என் கையப் புடிச்சிக்கினு பக்கத்துல ஒக்காந்திருப்பாரு. அப்ப அடிக்க மாட்டாரு."

தானே போட்டுக்கொள்ள அவளுக்குத் தெரியாது. அவன் சொல்லித்தரவில்லை. நரம்பு கிழிந்துவிடும் என்று பயமுறுத்தி வைத்திருந்தான். கன்றைக் கட்டி வைத்தால் பசு எங்கே போகும்? ஊசி அவன் கையில். ஆரன் அடித்தால் போதும், ஓடுவாள்.

போதையை நிறுத்தும் இடம் ஒன்றுக்குக் கூட்டிப்போனேன். ஆம்பளைகளுக்குத்தான் கட்டில் என்றார்கள். திரும்பி வந்தோம். உடம்பெல்லாம் உதற, வாந்தியோடு வீட்டில் கிடந்தாள். பச்சையம்மா மடியில் போட்டுக்கொண்டாள். கொஞ்சம் கஞ்சி இறங்கிற்று. பிழைத்துவிட்டாள் என்று நினைத்தோம். அன்று சாயங்காலம்தான் கரைக்கு அந்தப் பக்கம் பைக் சத்தம்.

மாசியில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. உள்ளே அவள் மட்டும். கை தொடைபோல வீங்கியிருந்தது. சீழ் நாற்றம். அனல் காய்ச்சல். அப்படியே காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்குத் திருப்பினேன்.

நர்ஸ் நரம்பு தேடுகிறாள். கையில் இல்லை. காலில் இல்லை. எல்லாம் அவன் தின்ற நரம்பு. மருந்து தயாராக இருக்கிறது, ஏற்ற வழியில்லை.

"இது நல்ல ஊசிதானே நைனா?"

"நல்ல ஊசிதாம்மா."

டாக்டர் கழுத்தில் தேடிப் போட்டார். மருந்து ஏறிற்று. அதற்குள் ரத்தமெல்லாம் கெட்டுவிட்டதாம். அவள் கை ஒருமுறை துள்ளியது. வளையல் கட்டில் கம்பியில் பட்டது. டிங். அவளிடமிருந்து நான் கேட்ட கடைசிச் சத்தம்.

சாவுக்குக் கஜா மாலையோடு வந்தான். வாய்க்கரிசி போட அரிசியில் கை வைத்தான். நான் மண்வெட்டியோடு குறுக்கே நின்றேன்.

"நான் புருசன். எனக்கு உரிமை கீது."

"அந்தக் கையால அவளுக்குப் போட்டது போதும்டா."

யாரும் என்னைத் தடுக்கவில்லை. மாலையைக் கீழே போட்டுவிட்டுப் போனான். மண்ணை வாரித் தூற்றினேன். அந்தக் கை விளங்காமல் போகட்டும் என்றேன். போகவில்லை. போலீஸ் கேட்டதற்கு, அவளாகக் கேட்டுத்தான் போட்டேன் என்றான். விட்டுவிட்டார்கள். பொம்பளைக்கு என்ன போதை என்று ஊரும் அவளைத்தான் பேசிற்று. அவன் வேன் ஓட்டுகிறான். சாபம் பலிக்கும்வரை காத்திருக்க எனக்கு வயது இல்லை. எனவே வாயால் அடிக்கிறேன்.

போனதைச் சொல்கிறேன். பேரப்பிள்ளை ஒன்று, பெயர் வைக்கவில்லை. மகள் ஒன்று, தேவகி. பச்சையம்மாவின் கால் விரல் இரண்டு. அவளுக்குச் சர்க்கரை. தினம் ஊசி போட வேண்டும் என்றார்கள். ஊசியைக் கண்டாலே சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறாள். புண் ஆறவில்லை. அடுத்து பாதம் என்கிறார்கள். அதையும் அவன் கணக்கிலேயே எழுதுங்கள்.

செய்யாறு பக்கம் உங்களுக்குச் சொந்தம் இருந்தால் இதைச் சொல்லிவிடுங்கள். பெயர் கஜா. வேன் டிரைவர். இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு. நன்றாகப் பேசுவான். பெண்ணுக்கு முடியாமல் போனால் நானே பார்த்துக்கொள்வேன் என்பான். ஆரத்தித் தட்டைக் கீழே வைக்கச் சொல்லுங்கள்.