தொரை தொப்பியக் கழட்டினாரு

படி ஏறலங்க முதலாளி, கீழதான் நிக்கிறேன். இந்த கிராமபோன் பிளேட்ட மட்டும் கையில வாங்கிப் பாருங்க. தொட மாட்டீங்களா? அன்னிக்கு விக்கிறப்ப தொட்டுத்தானே குடுத்தீங்க!

மறந்துட்டீங்களாக்கும். நமுனுகுல தேயிலத் தோட்டத்துத் தப்புக்காரன் அழகையா. எம் மக பெரியாயி கல்யாணத்துக்கு வாங்குனேனே. சாவுக்கு அடிக்கிற கையி கல்யாணத்துல தப்பத் தொடப்படாதுன்னு சம்பந்தி வீட்டுல ஒத்தக்கால்ல நின்னாங்க. மேளக்காரன் எங்க கூலி சனம் இருக்க லயத்துக்கு வரமாட்டான். கங்காணியார் கிராமபோன் பொட்டிய எரவல் தாரேன்னாரு. அதான் மங்களமா ஒண்ணு குடுங்கன்னு ஒங்ககிட்ட வந்தேன்.

நீங்க என்ன செஞ்சீங்க? வெள்ளக்காரன் பித்தள எக்காளம் ஊதுன பிளேட்டுங்க, பொஸ்தகம் மாதிரி அட்டைக்குள்ள சொருகியிருந்துச்சு. ஒண்ண உருவி, நடுவுல இருக்க இங்கிலீசு மேல வெரல ஓட்டிப் படிச்சீங்க. ராசாவுக்கு முடிசூட்டுறப்ப ஊதுனது, இத விட மங்களம் ஏதுடான்னீங்க. நானும் கண்ணுல ஒத்திக்கிட்டுப் போனேன், கூறுகெட்டவன்.

தாலி கட்டுற நேரம், பிளேட்டு ஓடுது. மெதுவா, கனமா, அடிவயித்துல எறங்குற சத்தம். குதிரையில போன எங்க தோட்டத்து வெள்ளக்காரத் தொரை நின்னாரு. கீழ எறங்குனாரு. தொப்பியக் கழட்டி நெஞ்சுல வச்சுத் தலையக் குனிஞ்சாரு. எம் மகளுக்குத் தொரையே மரியாத செய்றாருன்னு எனக்குக் கண்ணு கலங்கிப்போச்சு! கங்காணியார் தலப்பாவ அவுத்தாரு. சம்பந்தி அவுத்தாரு. மாப்ளயும் அவுத்தான்.

பிளேட்டு நின்னுச்சு. தொரை தனக்குத் தெரிஞ்ச தமிழ்ல கேக்குறாரு, யாரு செத்துப் போச்சுன்னு. அவுங்க சனத்துல பொணத்துக்குப் பின்னால ஊதுறதாம் அது.

சிரிக்காதீங்க முதலாளி, சிரிச்சீங்கன்னா நல்லாருக்காது. சம்பந்தியம்மா மண்ண வாரித் தூத்திட்டு, மகன இழுத்துக்கிட்டுத் தங்க ஊரு லுணுகலைக்கே போயிட்டா. எம் புள்ள கட்டுன மஞ்சக் கயித்தோட லயத்துல கெடக்கா. காலையில பேரு கூப்புடுற பெரட்டுக்குப் போனா ஒருத்தியும் அவ பக்கத்துல நிக்க மாட்டேங்கிறா.

காசா? அத நீங்களே வச்சுக்கங்க. எங்கூட லுணுகலைக்கு வந்து ஒரு வார்த்த சொல்லுங்க, எனக்கு இங்கிலீசு படிக்கத் தெரியாது, படிக்கிறாப்ல நடிச்சேன்னு. எம் புள்ளய அழச்சிக்கிருவாங்க. அம்புட்டுத்தான்.

மானம் போயிருமா? ஆமாமா, ஊருக்கே தந்தி படிச்சுச் சொல்ற முதலாளியாச்சே. அதுல எல்லாம் என்னத்தப் படிச்சீங்களோ, சாமிக்குத்தான் வெளிச்சம்.

வர மாட்டீங்க. சரி, உள்ள போயி ஒக்காருங்க. எனக்கு அவசரமில்ல. எதுத்தாப்ல வண்டிப்பேட்டையில வைக்கோலக் கொளுத்தித் தப்பக் காய வச்சிருக்கேன். தோலு நல்லா வெறச்சிருச்சு. என் அடியப் படிச்சுச் சொல்ல ஆளு வேணாம், இந்தக் கடவீதிக்கே தெரியும். யாரு வீட்டுச் சாவுன்னு போறவன் வர்றவன்லாம் கேக்குறான். முதலாளியக் கேட்டுட்டு வந்து சொல்றேன்னு சொல்லிருக்கேன்.

யாருன்னு சொல்லட்டும்?