நிற்கத் தெரிந்தவன்

கூடைப்பந்துக்கு உயரம் முக்கியம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை. என் கல்லூரி அணியில் உயரமான பையன்கள் அதிகம் இருந்ததில்லை. பொறுமையான பையன்கள் இருந்தார்கள். பல வருடங்களுக்கு அது போதுமாக இருந்தது.

உங்கள் விசாரணைக் குழுவில் யாரும் விளையாட்டுக்காரர்கள் இல்லை என்று சொன்னார்கள். அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். அந்தக் கதவை மட்டும் சாத்திவிடுங்கள். பக்கத்து அறையில் பிரிண்டர் ஓடிக்கொண்டே இருக்கிறது. நான் சரியாகத் தூங்கி வெகுநாள் ஆயிற்று. சின்னச் சத்தமும் மண்டைக்குள் ஏறுகிறது.

முன்பெல்லாம் பந்து கைக்கு வந்தால் நிதானமாக ஆடலாம். கைமாற்றிக் கைமாற்றி, எதிரணி சலித்து ஒரு இடைவெளி விடும்வரை காத்திருக்கலாம். நான் கற்றதும் கற்றுக்கொடுத்ததும் அந்த ஆட்டம்தான். பிறகு, பந்தைக் கூடைக்கு எறிய வேண்டிய நேரத்தைக் குறைத்தார்கள். பார்க்க வருகிறவர்கள் கொட்டாவி விடுகிறார்களாம். அன்றிலிருந்து எல்லா அணிகளும் ஓடத் தொடங்கின. என் பையன்களும் ஓடினார்கள். மூச்சு வாங்கினார்கள். தோற்றார்கள். முதல்வர் கூப்பிட்டு, "ஆட்டம் மாறிடுச்சு சார். நீங்க மட்டும் அப்படியே இருக்கீங்க" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். வீட்டுக்கு வந்து விதிப்புத்தகத்தை முதலிலிருந்து படித்தேன்.

ஓடுகிறவர்கள் அதிகமானால் மோதல்களும் அதிகமாகும். பந்தோடு ஓடி வருகிறவன், வழியில் ஏற்கெனவே கால் ஊன்றி நிற்கிறவன் மேல் மோதினால் தவறு ஓடி வந்தவனுடையது. பந்து நமக்கு வந்துவிடும். அப்படிச் சில தவறுகள் சேர்ந்தால் அவர்களுடைய நல்ல ஆட்டக்காரன் வெளியே போய் உட்கார வேண்டியதுதான். ஆக, நிற்பதற்கு ஒருவன் வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது. முழு வேகத்தில் ஒரு ஆள் உங்களை நோக்கி வரும்போது நின்று பாருங்கள். கால் தானாக விலகும். தைரியசாலிகள்கூடக் கடைசி நொடியில் தோளைத் திருப்பிவிடுவார்கள்.

என் தங்கை மகன் நகரவில்லை.

விளையாட்டு ஒதுக்கீட்டில் அவனுக்கு இடம் வாங்கிக் கொடுத்தவன் நான்தான். கொண்டுவந்து விட்ட அன்று தங்கை சொன்னாள்: "அண்ணா, படிப்பும் இவனுக்கு ஏறல, ஆட்டமும் சுமார்தான். உன்ன நம்பி விட்டுட்டுப் போறேன். எப்படியாவது ஆளாக்கிடு." ஆட்டம் சுமார் என்பது மரியாதைக்குச் சொன்னது. அவன் எறிந்த பந்து கூடையைத் தவிர எல்லா இடத்துக்கும் போகும். ஆனால் நில் என்றால் நின்றான். பையன்கள் அவனுக்குத் தூண் என்று பெயர் வைத்தார்கள். "டேய் தூண், அசையாம நில்லுடா. எவனாவது போஸ்டர் ஒட்டிட்டுப் போயிடப் போறான்" என்பார்கள். அதற்கு எல்லோரையும்விட அதிகமாகச் சிரிப்பவன் அவன்தான். வீட்டில் என்னை மாமா என்பான். களத்தில் சார். அந்த வித்தியாசத்தை நான் சொல்லாமலே பிடித்துக்கொண்டான்.

விழுவதற்கு மெத்தை போட்டுப் பழக்கினேன். கைகளை மார்பில் கட்டிக்கொள், முதுகை வளை, தாடையை நெஞ்சில் ஒட்டு. எல்லாம் முறைப்படிதான் சொல்லிக்கொடுத்தேன். இதை நீங்கள் குறித்துக்கொண்டால் நல்லது. அந்த வருடம் நாங்கள் மறுபடி ஜெயிக்க ஆரம்பித்தோம்.

பிறகு விதிகள் ஒவ்வொன்றாக வந்தன. அடிபடுவதைக் குறைக்க வேண்டும் என்று கூடைக்கு அடியில் ஒரு அரைவட்டம் வரைந்தார்கள். அதற்குள் நிற்கிறவனுக்கு இனிச் சலுகை இல்லை. நல்ல எண்ணம்தான், மறுக்கவில்லை. ஆனால் கூடைக்கு அடியில் வந்து சேர்கிறவனுடைய வேகம் அடங்கியிருக்கும். கோட்டுக்கு வெளியே அடங்கியிருக்காது. தங்கை மகனை முன்னால் தள்ளி நிறுத்தினேன். அடுத்த பருவத்தில், எதிராளி எம்பத் தொடங்குவதற்கு முன்பே ஊன்றி நின்றிருக்க வேண்டும் என்றார்கள். எம்புகிறவனுடைய முழங்கால் முதலில் வரும். அது எங்கே படும் என்று அவன் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டியிருந்தது. நின்றான்.

அதற்கும் பிறகு, நடித்து விழுகிறவர்களுக்குத் தண்டனை வந்தது. என்னோடு படித்த நடுவர் ஒருவர் இருக்கிறார். ஒருநாள் காப்பி குடிக்கும்போது, எதை வைத்து நடிப்பைக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"விழப்போறேன்னு தெரிஞ்சவன் தாடைய முன்னாடியே உள்ள இழுத்துக்குவான். அங்கதான் மாட்டிக்கறான். நிஜமா அடி வாங்கறவனுக்கு அதுக்கெல்லாம் ஏதுப்பா நேரம்?"

மறுநாள் மெத்தைகளை எடுத்து வைத்துவிட்டேன். தாடையை இழுக்காதே என்று அவனிடம் சொன்னேன்.

"பின்மண்டை அடிபடுமே சார்?"

"பழகிடும்."

உடம்பு கற்றதை மறக்கடிப்பது சுலபமில்லை. சில வாரம் பிடித்தது. அவன் விழும் சத்தம் மாறியது. அதற்குப் பிறகு ஒரு நடுவர்கூட அவனைச் சந்தேகப்படவில்லை.

அந்தப் பருவத்தின் நடுவில் பேருந்தில் வாந்தி எடுத்தான். ஜன்னலோர இடத்தை அவனுக்கு ஒதுக்கினேன். விளக்கு வெளிச்சம் கூசுகிறது என்றான். தொப்பி வாங்கிக் கொடுத்தேன். தங்கை போனில், "அண்ணா, சொன்னதையே திரும்பச் சொல்றான். என்னன்னு கேளு" என்றாள். பரீட்சை பயம் என்றேன். ஒருமுறை பயிற்சியின் நடுவே, எல்லோர் முன்னாலும், என்னை மாமா என்று கூப்பிட்டான். பையன்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று அவனுக்குத் தெரியவில்லை. அன்று எனக்குப் புரிந்துவிட்டது. புரியவில்லை என்று நான் உங்களிடம் சொல்லப்போவதில்லை.

கடைசி விதி அதே சமயத்தில்தான் வந்தது. தலையில் அடிபட்டவனை உடனே வெளியே எடுக்க வேண்டும். அணியின் உடற்சிகிச்சையாளர், பிசியோ என்போம், அவர் கேள்விகள் கேட்பார். இது எந்த மைதானம், எந்தப் பாதி, கடைசியாகப் பந்தைப் போட்டது யார், போன ஆட்டத்தில் ஜெயித்தோமா. எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னால் திரும்ப ஆடலாம். ஒன்று தப்பினாலும் அன்றைக்கு அவ்வளவுதான்.

விதி என்று வந்துவிட்டால் அதற்குப் பயிற்சி எடுக்க வேண்டும். எல்லாப் பயிற்சியாளரும் செய்வது அது. மாலையில் மற்றவர்கள் போனபிறகு அவனை உட்காரவைத்துக் கேள்விகளை வரிசையாகக் கேட்டேன். பதில்கள் ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும் என்பதுதான் சிக்கல். அதற்கும் வழி கிடைத்தது. அவன் விழுந்தவுடன் ஓய்வு நேரம் கேட்பேன். எல்லோரையும் சுற்றி நிறுத்தி உரக்கப் பேசுவேன்: "டேய், இது நம்ம மைதானம். ரெண்டாவது பாதி. கடைசியா போட்டது நம்ம கேப்டன். போன வாரம் ஜெயிச்சவங்கடா நாம!" பையன்களுக்கு உற்சாகம் வரும். பிசியோ பையைத் திறந்துகொண்டு வந்து சேர்வதற்குள் அவனுக்குத் தேவையானது கிடைத்துவிடும். யாரும் அதைத் தவறாக நினைக்கவில்லை. நான் நன்றாகப் பேசுகிறேன் என்று முதல்வர்கூடச் சொன்னார்.

இறுதி ஆட்டத்தைப் பற்றி நீங்கள் ஏற்கெனவே கேட்டுத் தெரிந்துவைத்திருப்பீர்கள். இரண்டாம் பாதியில் எதிரணியின் நெட்டையன் அவன் மேல் வந்து விழுந்தான். தவறு நெட்டையனுடையது. பந்து நமக்கு. தங்கை மகன் எழுந்து நம்முடைய பெஞ்சுக்கு வராமல் எதிரணியின் பெஞ்சுக்குப் போனான். நம் கேப்டன் கையைப் பிடித்துக் கூட்டிவந்தான். நான் பேச வேண்டியதைப் பேசினேன். பிசியோ அவன் எதிரே மண்டியிட்டு, கண்களைப் பார்த்தாள்.

"நம்ம மைதானம், ரெண்டாவது பாதி, கேப்டன், ஜெயிச்சோம்" என்றான்.

"நான் இன்னும் எதுவும் கேக்கலயே" என்றாள் அவள்.

"இவனுக்கு எப்பவும் வாய்தான் முந்தும்" என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "சார், எனக்கு இது சரியாப் படல."

"நாலுக்கும் பதில் சரிதானேம்மா? விதியில வேற என்ன இருக்கு?"

அவள் வேலைக்குச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. வேலையை நிரந்தரமாக்க என் கையெழுத்து வேண்டும். அதை நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. அந்தப் பெண்ணை எதுவும் செய்துவிடாதீர்கள். அவள் கேட்க வேண்டியதைக் கேட்டாள். பதிலைக் கொடுத்தவன் நான். அவனுக்குள் ஏதோ உடைந்திருக்கிறது என்று தெரிந்தேதான் களத்துக்குத் திருப்பி அனுப்பினேன். இதை எழுதிக்கொள்ளுங்கள். எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன்.

அடுத்த முறை அவன் நின்ற இடம் சரியாக இருந்தது. கோட்டுக்கு வெளியே, பாதம் இரண்டும் ஊன்றி, தாடை நிமிர்ந்து. நடுவர் நமக்குச் சாதகமாகத்தான் கைகாட்டினார். நாங்கள் ஜெயித்தோம் என்பது அவனைத் தூக்கிக்கொண்டு போன வண்டிக்குள் எனக்குத் தெரிந்தது.

இப்போது வீட்டில் இருக்கிறான். காலையில் ஷூவைப் போட்டு நாடாவைக் கட்டுவான். பிறகு அவிழ்ப்பான். மதியம்வரை அதுதான். தங்கை பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டிவிடுகிறாள். என்மேல் அவளுக்குக் கோபம் இல்லை. "நீ என்னண்ணா பண்ணுவ, ஆட்டம்னா அடிபடத்தானே செய்யும்" என்கிறாள். கேள்விகளைப் பற்றி அவளிடம் நான் பேசவில்லை. அவள் படுகிற பாடு போதும்.

நான் விதியை மீறவில்லை என்று வாதாட வரவில்லை. எனக்கு அலுத்துவிட்டது. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் கோட்டை மாற்றியது நான் இல்லை. மாற்றிய இடத்தில் போய் நின்றோம், அவ்வளவுதான்.

இனிமேல் கேள்விகளைப் பிசியோ தனி அறையில் வைத்துத்தான் கேட்பார், பயிற்சியாளர் பக்கத்தில் இருக்கக்கூடாது என்று விதி வரப்போவதாகச் சொன்னீர்கள். வரட்டும், நல்லதுதான். அது எழுத்தில் வந்ததும் எனக்கு ஒரு பிரதி மட்டும் அனுப்புங்கள். இந்த வேலையில் நான் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வீட்டு முகவரிக்கு அனுப்பிவிடுங்கள். தங்கையின் சின்ன மகன் அடுத்த வருடம் கல்லூரியில் சேர்கிறான். அவனையும் நீயே பார்த்துக்கொள் என்று அவள் சொல்லியிருக்கிறாள். இன்னும் எதுவும் ஆரம்பிக்கவில்லை. விதி என்னவென்று தெரியாமல் ஆரம்பித்துவிட்டால் பிறகு மாற்றுவது பையன்களுக்குத்தான் கஷ்டம்.